அப்பாவும் இரண்டு ஆயில் டப்பாக்களும்

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது என்று சொன்னால் ஆபீஸில் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். என்ன கார் என்று கேட்டுப் பதில் சொன்னதும் மரியாதை போய் அனுதாபம் வந்துவிடும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் சார். 1968 மாடல். கேன்டீனில் இதைச் சொன்னபோது பக்கத்து சீட் பையன், "அது பேப்பர் பேராச்சே?" என்றான்.

அவனைப் போன்றவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்ட்' என்ற பெயரில் வந்த கார் இது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. 1961-லிருந்து நம் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி இதைத் தயாரித்தது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்ட்! 948 சி.சி. இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். திறந்து வைத்தால் நீர்யானை கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ரிப்பேர் பார்க்கலாம். எங்கள் கார் பெரும்பாலும் திறந்துதான் இருக்கும் என்பதால் அது ரொம்ப வசதி.

அப்பா இதை 1979-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். நான் பிறந்தது அதற்கப்புறம். ஆகவே எங்கள் வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை. சலுகைகளும் அப்படியே.

விஷயத்துக்கு வருகிறேன். பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவரை ஒட்டி இரண்டு சின்ன டப்பாக்கள் தெரியும். பெருங்காய டப்பா சைஸ். ஒன்று பிரேக்குக்கு, இன்னொன்று கிளட்சுக்கு. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் இரும்பு ட்யூப், ரப்பர் ஹோஸ் வழியாகச் சக்கரத்துக்குப் போய், பிரேக் ஷூவை அகட்டி டிரம்மோடு உரச வைக்கும். கிளட்சுக்கும் அதே கதைதான். அடைத்து வைத்த திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் எல்லாப் பக்கமும் அந்த அழுத்தம் பரவும் என்று பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ம் நூற்றாண்டில் சொல்லிவைத்தார். எட்டாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்து மார்க் வாங்கி மறந்துபோன அதே பாஸ்கல்தான். அவரை நம்பித்தான் தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறோம்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பிரேக் ஆயில் செலவாகிற சரக்கு இல்லை. பெட்ரோல் எரியும். இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரியும். ரேடியேட்டர் தண்ணீர் ஆவியாகும். பிரேக் ஆயில் மட்டும் எங்கேயும் போகக் கூடாது. டிஸ்க் பிரேக் வண்டியில் பேட் தேயத் தேய, மாசக் கணக்கில் மட்டம் கொஞ்சம் இறங்கும், அது நியாயம். வாராவாரம் இறங்கினால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம்.

எங்கள் காரில் வாராவாரம் இறங்கியது.

அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்து, பேப்பர் படித்து முடித்ததும் வாசலுக்கு வருவார். இரண்டு மூடிகளையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, சின்ன பாட்டிலிலிருந்து பக்தியோடு ஊற்றுவார். ஏதோ சிவலிங்கத்துக்குப் பாலாபிஷேகம் நடக்கிற மாதிரி இருக்கும். பிறகு படித்த பேப்பரைக் காருக்கு அடியில் விரிப்பார். மறு ஞாயிறு அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "போன வாரத்துக்கு இந்த வாரம் பரவால்லடா" என்பார். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டரின் தோரணை.

டப்பாக்களுக்குக் கீழே பெயின்ட் உரிந்து தகரம் பல்லைக் காட்டியது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் தேய்ந்து, பெடல் கம்பி வழியாக ஆயில் உள்ளேயும் இறங்கியது. டிரைவர் காலடி மேட் எப்போதும் பிசுபிசு. ஆபீஸுக்கு அந்தக் காரில் போன நாட்களில் என் ஷூவைப் பார்த்தே கேஷியர் கண்டுபிடித்துவிடுவார். "இன்னிக்கு மியூசியம் பீஸ்லயா வந்தீங்க?"

அப்பாவின் வாக்கிங் நண்பர் ஒருவர், "இதுக்கு விளக்கெண்ணெய் ஊத்துங்க சார், ஒழுகாது" என்று யோசனை சொன்னார். சிரிக்காதீர்கள். ஆரம்ப காலத்துப் பிரேக் ஆயிலே ஆமணக்கு எண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து செய்ததுதான். ஆனால் அது முடிந்துபோன காலம். இப்போது டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும் ஆயில்களுக்கு ஏற்ற மாதிரிதான் உள்ளே ரப்பர் வாஷர்கள் இருக்கின்றன. கைக்குக் கிடைத்தது என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். நண்பருக்கு அப்பாவே பதில் சொல்லிவிட்டார். "விளக்கெண்ணெய்! போய்யா!" அவர் எண்ணெயைத்தான் சொன்னாரா, ஆளைச் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

போன வருஷம் ஒரு மாலை. பல்லாவரம் சிக்னல். சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் பாட்டுக்கு இறங்கி, தரையைத் தொட்டு நின்றது. கார் நிற்கவில்லை. முன்னால் மாநகரப் பேருந்தின் பின்பக்கம் சினிமா குளோஸ்-அப் மாதிரி பெரிதாகிக்கொண்டே வந்தது. மறுபடி மிதித்தேன். பாதி பிடித்தது. கூடவே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஜாண். பஸ்ஸின் பின் சீட்டில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

காரணம் ரொம்ப எளிது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப் தேய்ந்துவிட்டால், ஆயில் முன்னால் போகாமல் அதன் ஓரமாகவே பின்னால் நழுவிவிடும். மிதிக்கிற கால் இறங்கும். சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றைப் போல ஹெரால்டிலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்கே ஒரு ஓட்டை விழுந்தாலும் நாலும் போச்சு. பிரேக் லைனை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி செய்வது அமெரிக்காவில் 1968-லிருந்துதான் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது. இன்றைய கார்களில் அது சாதாரணம். எங்கள் மூத்த பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு இருக்கும் ஒரே மாற்று வழி, தனியாகக் கேபிளில் வேலை செய்கிற ஹேண்ட் பிரேக். அன்றைக்கு அதுதான் காப்பாற்றியது.

இதை வீட்டில் சொன்னேன். அப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது மிதியில புடிச்சுதுல்ல?" என்றார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரமே ஓர் அறிவிப்பு. "லீவுல குழந்தையை நம்ம கார்லயே ஏற்காடு கூட்டிட்டுப் போலாம்."

ஏற்காடு! சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கிளட்சுக்குப் பரீட்சை, இறங்கும்போது பிரேக்குக்கு. பின் சீட்டில் ஏழு வயசுப் பெண். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் தீர்மானமாகச் சொன்னேன். "அப்பா, ஏற்காடு போகணும்னா ரெண்டு டப்பா, ரெண்டு மாஸ்டர், எல்லா ஹோஸும் புதுசு மாத்தணும். இல்லைன்னா பஸ்ல போலாம்."

"மாத்தறதா? அதெல்லாம் கம்பெனி ஃபிட்டிங்டா. ஒரிஜினல்! அதைக் கழட்டிட்டு பிளாஸ்டிக் டப்பா வெக்கணுங்கறியா? அம்பத்தஞ்சு வருஷம் ஓடின வண்டி."

"அம்பத்தஞ்சு வருஷம் ஓடினதாலதான்ப்பா மாத்தணும்."

மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாவது நாள் நான் மெக்கானிக் பாயை அழைத்துவந்தேன். ஹெரால்டைத் தொடத் தெரிந்த ஆட்கள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாய் தன் வாப்பாவிடம் பன்னிரண்டு வயசில் தொழில் கற்றவர். அப்பாவுக்கு அவர் மேல் தனி மரியாதை.

பாய் காரைச் சுற்றி வந்தார். பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்துக்குப் போகிற ஹோஸைப் பார்த்தார். மிதிக்கும்போதெல்லாம் அது பாம்பு எலியை விழுங்கின மாதிரி ஓர் இடத்தில் உப்பியது. வளைத்துப் பார்த்தால் மேலெல்லாம் வெடிப்பு. அவர் எதுவும் பேசாமல் அந்த ஹோஸைக் கழற்றிக் குறுக்காக வெட்டி, அப்பாவின் கையில் கொடுத்தார். உள்ளே இருக்க வேண்டிய துவாரம், ரப்பர் ஊறிப்போய், ஊசி நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பெரிய சார், இதுல என்ன ஆவும் தெரியுமா? நீங்க அழுத்தி மிதிச்சா ஆயிலு எப்படியோ பூந்துடும். காலை எடுத்தா திரும்பி வராது. பிரேக்கு புடிச்சது புடிச்சபடி நிக்கும். டிரம்மு கொதிக்கும். வெளிய ஒழுவற ஓஸு கண்ணுக்குத் தெரியும். உள்ள அடைச்ச ஓஸு தெரியாது."

அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய் மெல்லச் சொன்னார். "உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்ன நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்களே, அதே கேஸுதான். ஒரிஜினல் கொழாதான் வேணும்னு நீங்க டாக்டராண்ட சொல்லலியே சார்."

அப்பா இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காபி சாப்பிடுங்க பாய்" என்று உள்ளே போனார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

அடுத்தது சாமான் வாங்குகிற படலம். 1962-லேயே பாடியில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி தொடங்கிய ஊர் இது. காரும் இங்கேயே பிறந்தது. ஆனால் ஹெரால்ட் பிறந்த கம்பெனி 1980-களின் கடைசியில் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் ஏதோ ஒரு மாஸ்டர் சிலிண்டரை எடுத்து வைத்து, "எல்லாம் ஒரே சைஸ்தான் சார், மாட்டிக்குங்க" என்றார்.

அங்கேதான் பாய் எனக்கு இரண்டு பாடம் நடத்தினார்.

முதல் பாடம், சிலிண்டரின் உள்விட்டம். விட்டம் கொஞ்சம் பெரிதானால் பெடல் கல்லு மாதிரி ஆகும். அதே பிரேக்குக்கு அதிகம் அழுத்தி மிதிக்க வேண்டும். சிறிதானால் பெடல் லேசாகும், ஆனால் ரொம்பக் கீழே இறங்கும். விட்டம் 10 சதவிகிதம் கூடினால் பரப்பு 21 சதவிகிதம் கூடும். நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் பாய், "அதெல்லாம் தெரியாது தம்பி, காலு சொல்லும்" என்றார். பழையதைக் கழுவி, உள்விட்டத்தை அளந்து, அதே அளவு, அதே ஓட்டம் உள்ளதைத்தான் எடுத்தோம்.

இரண்டாவது பாடம், மரை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பிரேக் ட்யூப் நட்டுக்கு மூன்றெட்டாம் அங்குல மரை. இன்றைய வண்டிகளில் 10 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அங்குல நட்டு, மில்லிமீட்டர் துவாரத்தில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இறுக்கினால் பிடித்த மாதிரியே இருக்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கிற அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு ஹோஸையும் பழைய நட்டோடு பொருத்திப் பார்த்துத்தான் பாய் வாங்கினார். கடைக்காரர் எங்களைப் பெண் பார்க்க வந்த சம்பந்திகளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

பைக் பிரியர்கள் மாட்டுகிற ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் போடலாமா என்று கேட்டேன். நல்லதுதான், உப்பாது. ஆனால் மேலே வலை இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. எதிலாவது உரசினால் அதையும் அறுத்துவிடும். "ரேஸுக்கா போறீங்க? புது ரப்பரு போதும்" என்றார் பாய். ஹெரால்டில் பின்சக்கரங்களும் தனித்தனியாக ஆடும் என்பதால் பிரேக்குக்கு நாலு ஹோஸ், கிளட்சுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. இரண்டு மாஸ்டர், தலைக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவோடு. பிரேக் லைனை இரண்டாகப் பிரித்துவிடலாமா என்றும் கேட்டேன். "எடம் ஒத்து வராதத வெட்டி ஒட்டினா இருக்கறதும் கெட்டுடும். ஒரே சங்கிலின்னா எல்லா வளையத்தையும் புதுசா போடுவோம்."

மாட்டுவதற்கு ஒரு நாள். 'ஏர் எடுக்க' அரை நாள். லைனுக்குள் ஒரு குமிழி காற்று இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். டப்பாவிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வர வேண்டும். சக்கரத்து நிப்பிளில் ஒரு ட்யூப் மாட்டி, அதன் நுனியை ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள் முக்கி வைக்க வேண்டும். உள்ளே ஒருவர் மிதிக்க, வெளியே ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

மிதிக்கிற உத்தியோகம் அப்பாவுக்கு.

"மிதிங்க சார்... புடிங்க... புடிங்க... விடாதீங்க... இப்ப விடுங்க!"

அம்பது தடவையாவது நடந்திருக்கும். உள்ளிருந்து அம்மா வந்து, "என்ன, பிரசவமா நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் பெடல் பாதியில் கல்லாக நின்றது. அப்பா நாலு தரம் மிதித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன சிரிப்பு. "1979-ல இப்படித்தான் இருந்துது" என்றார்.

புதுசாக டாட் 4 ஆயில் ஊற்றினோம். இங்கே அப்பாவின் ஞாயிறு பூஜை பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 கொதிப்பதற்குக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். அதில் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் கணக்கு. மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டிவிடக் கூடியது. ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி நசுங்கும், பெடல் தரைக்குப் போகும். தகர டப்பாவில் மட்டம் பார்க்க மூடியைத் திறந்தே ஆக வேண்டும். சென்னைக் காற்றில் வாராவாரம் திறந்தால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் டப்பாவில் வெளியிலிருந்தே மட்டம் தெரியும். மூடியைத் தொட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்த ஆயிலையும் மாற்றினால் போதும்.

லீவில் ஏற்காடு போய் வந்தோம். ஏறின கியரிலேயே இறங்கினேன். இரண்டாவது கியர் பாதி வேலையைச் செய்தது, மீதியைப் புதுப் பிரேக் செய்தது. ஒவ்வொரு வளைவிலும் பெடல் அதே உயரத்தில் காலுக்குக் கிடைத்தது. அப்பா பக்கத்து சீட்டில் வலது காலை நீட்டி, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பத்தாவது வளைவுக்கு அப்புறம் காலை மடக்கிக்கொண்டார். பதினைந்தாவது வளைவில் தூங்கிப்போனார். எனக்குக் கிடைத்த பெரிய சர்ட்டிபிகேட் அதுதான். பேத்தி பின்னால் இருந்து, "தாத்தா, எல்லாரும் நம்ம காரையே பாக்கறாங்க!" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.

செலவு என் சம்பளத்தில் கால் மாசத்தை விழுங்கியது. பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்வேன். பார்க்கிற பாகமெல்லாம் ஒரிஜினலாக இருக்கட்டும். குரோமியம், கடிகாரம், ஹாரன், எல்லாம் அப்படியே இருக்கட்டும். நிறுத்துகிற பாகம் மட்டும் புதுசாக இருக்கட்டும். கிளட்ச் போனால் மானம் போகும், நடுரோட்டில் தள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரேக் போனால் போவது மானம் இல்லை.

'என்கிட்ட கார் இல்லையே' என்கிறீர்களா? வாசலில் பைக் நிற்கிறதா? முன்னால் டிஸ்க் பிரேக்கா? ஹேண்டில் பாரில், வலது கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கும். அதில் ஒரு கண்ணாடி ஜன்னலோ, கோடு போட்ட பிளாஸ்டிக்கோ இருக்கும். நாளைக் காலை ஆபீஸ் கிளம்பும்போது பத்து செகண்ட் பாருங்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால், அல்லது ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால், ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். ஏன் இறங்கியது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். ஹோஸை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைவிட ஹோஸ் மலிவு.

எங்கள் வீட்டில் இப்போது வேறு பிரச்னை. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வழக்கம் போல டார்ச்சோடு வருகிறார். டப்பாவைப் பார்க்கிறார். மட்டம் அப்படியே இருக்கிறது. குனிந்து பேப்பரைப் பார்க்கிறார். ஒரு சொட்டு இல்லை. ஒரு மணி நேர வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மீதி ஐம்பத்தொன்பது நிமிஷமும் என் பைக்கில் என்ன குறை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.